நினைவுக்கு வராதவை

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டவர்கள் தங்கள் பட்டியலைச் சொல்லி முடித்ததும் கடைசியாக ஒன்று சொல்வார்கள்: சொன்னதற்கும், நினைவுக்கு வராமல் விட்டுப்போனதற்கும் சேர்த்து மன்னிப்பு வேண்டும் என்று. புதுநன்மை வகுப்பில் உபதேசியார் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கு ஆள் சொற்கள் கொஞ்சம் மாறும், வேகம் மட்டும் மாறாது. பொய், கோபம், பூசைக்குப் போகாதது, மாமியாரோடு சண்டை என்று தயங்கித் தயங்கி வந்த குரல் இந்த இடத்தில் ஓட்டமெடுக்கும். தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் ராயபுரம் ராயப்பர் கோயிலில் வரிசையில் நிற்பவர்களிடம், அதைச் சொல்லும்போது மனதில் எதையாவது நினைத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். நினைவுக்கு வராததை எப்படி நினைப்பது?

நியாயமான பதில்தான். ஆனாலும் அதற்கு முன் சொன்ன பட்டியல் முழுவதையும்விட இந்த ஒரு வாக்கியத்தில்தான் கனம் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

திருச்சபைக்குள் இதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. 1530இல் லூத்தரன்கள் ஆக்ஸ்பர்க்கில் தங்கள் விசுவாச அறிக்கையை வைத்தபோது, பாவங்களை ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்வது மனிதரால் ஆகாத காரியம், ஆகவே அது கட்டாயமில்லை என்றார்கள். தன் பிழைகளை யார் முழுக்க அறிவார் என்று கேட்கும் 19ஆம் திருப்பாடலைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1551இல் திரெந்து பொதுச்சங்கம் பதில் சொன்னது: கவனமாக ஆத்தும சோதனை செய்தபின் நினைவுக்கு வரும் சாவான பாவங்களை எல்லாம் சொல்லியே ஆகவேண்டும், வராதவை அந்தச் சங்கீர்த்தனத்துக்குள் அடங்கியதாகக் கொள்ளப்படும். சண்டை முழுக்க ஞாபகத்தைச் சுற்றியே நடந்தது. எவ்வளவு நினைவில் இருந்தால் போதும், எவ்வளவு மறந்தால் குற்றமில்லை என்பதே கேள்வி.

மறந்துபோன பாவம் வேறு, செய்யும்போதே பாவம் என்று பதியாதது வேறு. முன்னது என்றைக்காவது நடு ராத்திரியில் எழுந்து வரும். பின்னது வரவே வராது, ஏனென்றால் அது உள்ளே போகவே இல்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்துத் தீர்ப்பு நாளில் இடப்பக்கம் நிற்பவர்கள் கேட்பதைக் கவனித்தால் இது விளங்கும். உம்மை எப்போது பசியோடு கண்டோம், எப்போது கவனிக்காமல் விட்டோம் என்று கேட்கிறார்கள். நடிப்பில்லை. உண்மையிலேயே தெரியாது. அவர்களுக்கு முன்னால் நின்றது ஒரு பசித்த ஆள் என்ற அளவுகூட அவர்கள் கணக்கில் ஏறவில்லை. இத்தனைக்கும் கொன்றேன், திருடினேன் என்று ஒன்றும் அவர்கள் மேல் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் குற்றம். பூசையில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில் எண்ணம், சொல், செயல் என்ற மூன்றோடு, செய்யத் தவறியதும் சேர்ந்தது 1970இல் வந்த புதிய திருப்பலி நூலில்தான் என்பது பலருக்குத் தெரியாது. வேதத்தில் இருந்தது சபையின் வாய்க்கு வர அத்தனை நூற்றாண்டு.

இன்னும் பழைய இடம் ஒன்று இருக்கிறது. லேவியர் நூல் 4ஆம் அதிகாரம். சபை முழுவதுமே அறியாமல் ஒரு தவறு செய்து, அது கண்ணுக்கு மறைவாக இருந்து, பிறகு தெரியவந்தால் என்ன செய்வது என்று அங்கே முறை சொல்லியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் காளையின் தலைமேல் கை வைக்க வேண்டும். யார் செய்தது என்ற விசாரணை இல்லை, நான் அங்கே இல்லையே என்ற பேச்சும் எடுபடாது. பெரியவர்கள் கையை வைத்தாக வேண்டும். நமக்கு அந்த மாதிரி ஒரு சடங்கு இல்லாமல் போயிற்று. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்தது. 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயு மரத் தொட்டியையும் கம்பித் தட்டியையும் பரப்பினார். அதில் நன்மை உண்டு, ரகசியம் காக்கப்பட்டது. ஆனால் ஒரு ஊர் மொத்தமாகச் செய்த பாவம் அந்தத் தொட்டிக்குள் நுழைய வழியில்லை. அதில் ஒருவர்தான் முழந்தாளிட முடியும்.

பழைய பாவங்களுக்கு வட சென்னைச் சுவர்களில் வேறொரு மருந்து ஒட்டியிருக்கும். முன்னோர் பாவத்தால் வந்த சாபக்கட்டு முறியும் ஜெபக்கூட்டம், அனைவரும் வருக. கத்தோலிக்கத் தியானங்களிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்து, தாத்தா, பூட்டன், தற்கொலை செய்துகொண்ட சித்தப்பா என்று எழுதி, ஒவ்வொரு கிளைக்கும் ஜெபிப்பார்கள். போலந்து ஆயர்கள் 2015இலும் ஸ்பெயின் ஆயர்கள் 2024இலும் இந்தப் பழக்கம் தவறு என்று அறிக்கை விட்டார்கள். தகப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்கச் சொல்கிறது என்பது இறையியல் ஆட்சேபம். எனக்கு இருப்பது வேறு ஆட்சேபம். அந்தத் தாளில் தாத்தா இருக்கிறார். தாத்தா வட்டிக்கு விட்டு வீட்டை எழுதி வாங்கிய குடும்பம் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும்படி எந்தப் பிரசங்கியாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாவம் செய்த வீட்டுக்குச் சுகம் வேண்டி ஜெபம் நடக்கிறது. பழைய பாவம் ஒரு நோயாகிவிடுகிறது, நோயாளி நாமாகிவிடுகிறோம்.

சாதியைச் சொல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவன் இந்தப் பேச்சைப் பேச முடியாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோயிலை விட்டு வெளியேறினார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டது 2016இல். இடையில் ஓடிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எத்தனை லட்சம் பாவசங்கீர்த்தனம்! தனிக் கல்லறை, தனி வாசல், தனித் தேர்ப்பாதை இவை அந்தத் தொட்டிக்குள் எத்தனை முறை போயிருக்கும்? போயிருக்காது. அவை வழக்கம். வழக்கத்தை யாரும் பாவமாகச் சொல்வதில்லை. இதை எழுதியவர்கள் நிறையப் பேர், என்னைவிட உரிமையோடு எழுதியவர்கள். நான் என் பகுதிக்கு வருகிறேன்.

ராயபுரத்தில் பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்பு வாழ்ந்தவர்களுக்குக் கரித்தூள் என்றால் விளக்கம் வேண்டாம். துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் திறந்தவெளியில் மலையாகக் கொட்டிக்கிடந்த காலம். மொட்டைமாடியில் காய்ந்த வெள்ளைத் துணி சாயங்காலத்துக்குள் சாம்பல் நிறமாகும். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடந்த பிள்ளையின் உள்ளங்கால் கறுத்திருக்கும். மூடாத குடத்துத் தண்ணீரில் மெல்லிய ஏடு மிதக்கும். இளைப்பு இல்லாத வீடு குறைவு. வழக்குப் போட்டார்கள். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சரக்குகளை இங்கே கையாளக் கூடாது என்றது. அந்த அக்டோபரோடு கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. ராயபுரம் மூச்சு விட்டது. நன்றிப் பூசை வைத்திருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

கரி இல்லாமல் போகவில்லை. இருபது கிலோமீட்டருக்குள் வடக்கே நகர்ந்தது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையங்கள், அவற்றின் சாம்பல் குழாய்கள், நாலா பக்கமும் சாம்பல் குட்டையால் சூழப்பட்ட செப்பாக்கம், கொசஸ்தலை ஆற்றில் எறாவும் நண்டும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம். ஏற்கெனவே கறுத்திருந்த இடத்துக்குக் கூடக் கொஞ்சம் கறுப்பு.

இதில் ராயபுரத்துக்காரர் செய்த பாவம் என்ன? தன் பிள்ளையின் மூச்சுக்காகப் போராடினார், ஜெயித்தார். கரியை எண்ணூருக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்கவில்லை. நீதிநெறி இறையியலில் வெல்ல முடியாத அறியாமை என்று ஒன்று சொல்வார்கள். என்ன முயன்றாலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்றால் குற்றம் அவர்மேல் இல்லை. வெல்லக்கூடிய அறியாமை வேறு. கொஞ்சம் முயன்றால் தெரிந்திருக்கும், முயலவில்லை. ராயபுரம் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர். இந்த அறியாமை வெல்லக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. மின்விசிறியைப் போடும்போதெல்லாம் அந்த ஊரின் சாம்பலில் நமக்கும் ஒரு பங்கு சேர்கிறது. இதை ஒரு ராயபுரத்துக்காரர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். அண்ணாநகருக்கும் அடையாறுக்கும் இதே பங்கு உண்டு, அவர்களுக்கு அந்த ரயில்கூடத் தெரியாது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. குழாய் எதுவும் உடையவில்லை என்று மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் சொன்னது. வளாகத்தில் தேங்கியிருந்த எண்ணெய் மழைநீரோடு வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. உடைந்தது எதுவுமில்லை, கிடந்தது மிதந்து போயிற்று. எவர் கையும் படாமல் ஒரு ஆறு நாசமாயிற்று. பிறகு கை பட்டது மீனவர்களுடையதுதான். பைபர் போட்டில் உட்கார்ந்து மக்கிலும் வாளியிலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் ஊற்றினார்கள். போட்டின் வெள்ளை வயிற்றில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் அசையாதது. வலை இனி உதவாது. அந்த மாதம் 26ஆம் தேதி, கிறிஸ்மஸுக்கு மறுநாள், சுனாமியில் போனவர்களுக்குக் கடற்கரையில் பூப் போடும் நாள். அன்று நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் வரும் அம்மோனியாக் குழாய் கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்த்து ஓடினார்கள்.

2015இல் போப் பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடலில், இயற்கைக்குச் செய்யும் கேடு பாவம் என்று 1990களிலேயே சொன்ன கிழக்குச் சபைத் தலைவர் பர்த்தலோமேயுவை எடுத்துச் சொல்கிறார். 2019 அமேசான் ஆயர் மாமன்றம் சூழலியல் பாவம் என்று பெயரே வைத்தது. வரவேற்க வேண்டியதுதான். எண்ணூரில் நின்று படித்தால் மட்டும் ஒரு சங்கடம். பூமித்தாய்க்கு எதிரான பாவம் என்று சொன்னவுடன் எல்லாருக்கும் மனம் இளகிவிடுகிறது, ஏனென்றால் பூமித்தாய் வந்து கதவைத் தட்டி நஷ்டஈடு கேட்கமாட்டாள். காட்டுக்குப்பத்துக்காரர் கேட்பார்.

திருவொற்றியூர்க்காரர்களுக்கு வேறொரு கதை தெரியும். தவக்காலம் நடக்கும் அதே மாசி மாதத்தில் தியாகராஜர் கோயிலில் மகிழடி சேவை நடக்கும். உன்னைப் பிரியேன் என்று சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்யவேண்டிய சுந்தரர், சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடம் ஏற்பாடு செய்கிறார். ஆள் இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாதே. சிவன் அவளிடம் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போகிறது. சட்டப்படி ஓட்டை இல்லாமல் ஏற்பாடு செய்து தப்பிக்கும் புத்தி இந்தக் கரைக்குப் புதிதில்லை. அளவுக்குள்தான் வெளியேற்றுகிறோம், அனுமதி வாங்கித்தான் கட்டுகிறோம் என்று இன்று கேட்கும் குரலை எல்லை தாண்டும்வரை சுந்தரரும் நம்பியிருப்பார்.

திருவொற்றியூருக்கு அடிக்கடி வந்து வழிபட்டவர் வள்ளலார். அவருடைய மனுமுறைகண்ட வாசகம் 1854இல் வெளிவந்தது. தன் மகனின் தேர்க்காலில் கன்று இறந்த செய்தி கேட்ட சோழன், எந்தப் பாவத்துக்கு இது என்று தன்னையே கேட்டுக்கொண்டு நீளமாக ஒரு பட்டியல் போடுகிறான். எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிடக் கூர்மையான ஆத்தும சோதனை இல்லை. அதில் எதையும் அவன் செய்தேன் என்று சொல்வதில்லை, செய்தேனோ என்று கேட்கிறான். பெரும்பாலான கேள்விகளில் எதிரே ஒரு ஆள் நிற்கிறார்: பசித்தவர், கூலி குறைக்கப்பட்டவர், குடிக்கிற குளம் தூர்க்கப்பட்டவர், வெயிலுக்கு ஒதுங்கிய மரம் வெட்டப்பட்டவர். நம் பங்குகளில் தவக்காலத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் ஆத்தும சோதனைத் தாளை இதன் பக்கத்தில் வைத்தால் அதன் வறட்சி தெரியும். பத்துக் கட்டளை வரிசையில், கெட்ட எண்ணம், கவனச் சிதறலோடு செபம், ஒருசந்தி மீறல். பெரும்பாலும் நானும் கடவுளும் மட்டும் இருக்கிற ஒரு அறை. வள்ளலார் பட்டியலைத் தாளின் மறுபக்கத்தில் அச்சடித்தால் எந்த ஆயரும் தடை சொல்லமாட்டார் என்றே நம்புகிறேன்.

அந்தக் கதையில் இன்னொன்று. கன்று குறுக்கே வந்தது இளவரசனுக்குத் தெரியாது. சோழனுக்கும் தானாகத் தெரியவில்லை. பசு வந்து மணி அடித்ததால் தெரிந்தது. வேதத்திலும் இதுதான் நடக்கிறது. தாவீதுக்குத் தன் பாவம் தெரிய நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லவேண்டியிருந்தது. அப்போதும் அவன் கதையில் வரும் பணக்காரன்மேல்தான் கோபப்பட்டான். பேதுருவுக்குச் சேவல். அந்தப் பேதுருவான ராயப்பரின் பெயரைத் தாங்கிய ஊரில், படகோட்டிகள் எழுப்பிய கோயிலில் இருந்துகொண்டு, தனியாகக் கண்ணை மூடி யோசித்தால் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும் என்று எப்படி நம்பினோம் என்று தெரியவில்லை. மூன்று தரம் மறுதலித்தவருக்கே வெளியிலிருந்து ஒரு சத்தம் தேவைப்பட்டது. அறியாத பாவத்தை அறிந்தவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். அதை வாங்கிக்கொண்டவர் அவர். அவரிடம் கேட்காமல் செய்யும் ஆத்தும சோதனை பாதிச் சோதனைதான். 2000ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்கால முதல் ஞாயிறன்று, இரண்டாம் ஜான் பால் ரோமில் பேதுருவின் பேராலயத்தில் திருச்சபையின் பழைய பாவங்களுக்கு மன்னிப்பு வேண்டினார். பெரிய காரியம். வேண்டியது கடவுளிடம்.

சரி, போய்க் கேட்டுவிட்டால் பரிகாரம் என்ன? திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு இல்லை என்பது பழைய சட்டம். சக்கேயு நாலத்தனையாகக் கொடுப்பதாகச் சொன்னார். யாரிடம் திருடினோம் என்றே தெரியாவிட்டால் அந்தத் தொகையை ஏழைக்குக் கொடு என்று தோமா அக்குவினார் எழுதிவைத்திருக்கிறார். வட சென்னையில் அந்த இக்கட்டு இல்லை. யாரிடம் என்பது தெரியும். எண்ணெய் விஷயத்தில் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய். வலை விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சிக்கல் வேறிடத்தில். கத்திவாக்கம், திருவொற்றியூர்ப் பக்கத்து வீடுகளில் ஒருவர் கடலுக்குப் போவார், அவர் மச்சானோ மருமகனோ பவர் ஹவுஸில் காண்டிராக்டில் இருப்பான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் பேச்சு இப்படி ஓடும்.

"ஏன்டா, ராத்திரி சுடுதண்ணி தொறந்து வுட்டீங்களா? காத்தால ஒரு எறாகூட இல்ல."

"எனுக்கு எப்படித் தெரியும் மாமா, என் ஷிப்டு ஆறு மணிக்குத்தான்."

இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்களாக இருக்கலாம். ஒரே சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்களாக இருக்கலாம். அந்த மருமகன் தொட்டியில் வந்து, நினைவுக்கு வராத பாவங்கள் என்ற இடத்தில் ஓட்டமெடுக்காமல் நின்று, வேலையைப் பற்றிக் கேட்டால் சாமியார் என்ன சொல்வார்? வேலையை விட்டுவிடு என்றால் அந்த வீட்டில் இரண்டு வருமானமும் போகும். மூன்று அருள்நிறை மரியே என்றால் கேலி.

லூக்கா 3ஆம் அதிகாரத்தில் யோர்தான் கரையில் இதே கேள்வியோடு வந்தவர்கள் இருக்கிறார்கள். வரி வசூலிப்பவர்கள் வந்தார்கள், சிப்பாய்கள் வந்தார்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். யோவான் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. அவரவர் வேலைக்குள் கைவைத்துச் சொன்னார்: குறித்ததற்கு மேல் வசூலிக்காதே, மிரட்டிப் பணம் பறிக்காதே. எண்ணூரில் அது இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்: சாம்பல் குழாய் ஒழுகுவதைப் பார்த்தால் ஷிப்டு புத்தகத்தில் இடத்தையும் நேரத்தையும் போட்டு எழுது, மாமா கேட்டால் தெரியாது என்று சொல்லாதே. எழுதினால் காண்டிராக்டர் அடுத்த மாதம் கூப்பிடாமல் விடலாம். யோவான் பேச்சைக் கேட்டுத் திரும்பிப்போன சிப்பாய்களுக்கும் மேலதிகாரிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று லூக்கா எழுதவில்லை.